சிப்பாங்கின் கிராணிகள்

2009 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடத்தின் செய்தியாளர் கூடத்தில் அன்று யாருக்கும் கார்களைப் பற்றிய நினைப்பே இல்லை. முந்தைய ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் லூயிஸ் ஹேமில்டன், 24 வயது இளைஞர், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் பொய்யன் இல்லை, அணியின் மூத்த அதிகாரி சொன்னதைக் கேட்டு நடந்தது தவறு, தனக்கும் குடும்பத்துக்கும் அணிக்கும் இது பெரிய தலைகுனிவு என்ற பொருளில் பேசினார்.

அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது எஞ்சின் கோளாறோ டயர் வெடிப்போ இல்லை. ஒரு பேட்டி.

ஐந்து நாளுக்கு முன் மெல்பர்னில் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் பாதுகாப்புக் கார் முன்னே போய்க்கொண்டிருந்தது. டொயோட்டா அணியின் யார்னோ ட்ரூலி தடத்தை விட்டு விலக, ஹேமில்டன் அவரைத் தாண்டினார். அது விதிப்படி சரியா என்று குழம்பிய மெக்லாரன் அணி, ட்ரூலியை மறுபடி முன்னே விடச் சொன்னது, அவரும் விட்டார். பந்தயம் முடிந்த கையோடு தொலைக்காட்சிக்காரர்களிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். பிறகு நடுவர்கள் கூப்பிட்டு விசாரித்தபோது, அப்படி ஓர் உத்தரவே வரவில்லை என்று அணியின் டேவ் ரயனும் அவரும் சாதித்தார்கள். ட்ரூலிக்கு 25 வினாடி தண்டனை, ஹேமில்டனுக்கு மூன்றாம் இடம். கதை நாலு நாள்கூட தாங்கவில்லை. நடுவர்கள் சிப்பாங்கில் மறுபடி கூடினார்கள். அணியின் வானொலி உரையாடலையும் அந்தப் பேட்டியையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டார்கள். வாய் ஒன்று, வார்த்தை இரண்டு. ஹேமில்டன் தகுதி இழந்தார். மூன்றாம் இடம் ட்ரூலிக்கே திரும்பியது. பல்லாண்டு காலம் அணியில் உழைத்த ரயன் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

மெக்லாரனின் தகவல் தொடர்புப் பொறுப்பில் அப்போது இருந்தவர் மேட் பிஷப். அதற்கு முன் கார் பந்தய இதழ் ஒன்றின் ஆசிரியர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகியவர், 2008-இல் இந்தப் பக்கம் வந்தார். வந்த இரண்டாவது ஆண்டிலேயே இப்படி ஒரு வெள்ளிக்கிழமை. சாம்பியனைக் கூடத்துக்கு அழைத்துவருவதா, அறிக்கை ஒன்றை வீசிவிட்டு ஒதுங்குவதா, வக்கீல்கள் என்ன சொல்வார்கள், குடும்பம் என்ன சொல்லும் என்று ஓர் அணி திணறும் நேரத்தில் நடுவில் நிற்க வேண்டிய ஆள் அவர்தான். திரையில் அவர் முகம் தெரிந்தால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் இந்த உத்தியோகத்தை விளக்க ஒரே சொல் போதும்: கிராணி. ரப்பர்த் தோட்டத்து எழுத்தர். விடியும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர். தோட்டத் துரை ஆங்கிலத்தில் சொன்னதைத் தொழிலாளர் லயத்துக்குத் தமிழில் கொண்டுபோனவர்; லயத்தின் முணுமுணுப்பைத் துரையின் காதுக்கு ஏற்றபடி பதமாக்கித் திரும்பக் கொண்டுவந்தவர். பால் கணக்கும் அவர் பேரேட்டில், பேச்சுக் கணக்கும் அவர் பேரேட்டில். இரண்டு பக்கமும் அவரை முழுசாக நம்பியதில்லை, அவர் இல்லாமல் எந்தப் பக்கமும் நடந்ததுமில்லை. பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிப்போன பிறகு கிராணியும் கதைகளில் மட்டும் மிஞ்சினார். கார் பந்தயத்தில் அந்தப் பதவி இன்னும் இருக்கிறது. பெயர்தான் வேறு: ஊடகத் தொடர்பாளர். தோட்டத்துத் துரைக்கு முன்னால் நூறு ஒலிவாங்கிகள் நீட்டப்படவில்லை என்பது ஒரு வித்தியாசம்.

மலேசியாவுக்கு இந்தச் சர்க்கஸ் வந்தது 1999-இல். ஹெர்மன் டில்கே வடிவமைத்த 5.543 கிலோமீட்டர் தடம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அக்டோபர் 17-இல் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். 2017 அக்டோபர் 1-இல் கடைசிப் பந்தயம். மொத்தம் 19. இந்த 19 ஆண்டுகளில் சிப்பாங் தந்த காட்சிகளில் பாதி தடத்தில் நடந்தவை. மீதிப் பாதி பேச்சில் நடந்தவை. எது கூடுதலாக நினைவில் நின்றது என்று கேட்டால், பேச்சு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு பந்தய வாரத்தில் ஊடகத் தொடர்பாளரின் நாள் எப்படிப் போகும்? வியாழக்கிழமை உலக மோட்டார் சம்மேளனத்தின் அதிகாரபூர்வ செய்தியாளர் சந்திப்பு. எந்த ஓட்டுநர் மேடையில் உட்கார வேண்டும் என்று சம்மேளனம் பெயர் குறிக்கும். குறித்த நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொடர்பாளர் பாடு. வெள்ளிக்கிழமை அணித் தலைவர்களின் முறை. சனி, ஞாயிறில் முதல் மூன்று பேர் கூடத்துக்குப் போக, மற்ற எல்லாரும் தடுப்புக் கம்பி போட்ட ஒரு பட்டிக்குள் தொலைக்காட்சி தொலைக்காட்சியாக நடக்க வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம், பின்லாந்து மொழி. அதே கேள்வி, ஆறேழு முறை. ஓட்டுநருக்கு அரை அடி பின்னால், தோளுக்கு மேலே ஒரு கை நீண்டிருக்கும். அந்தக் கையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. நிருபர்கள் பதிவு செய்வது செய்திக்கு. தொடர்பாளர் பதிவு செய்வது, நாளைக்கு யாராவது 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்றால் எடுத்துக் காட்டுவதற்கு. மெல்பர்னில் எந்த ஒலிநாடா ஹேமில்டனைக் காட்டிக்கொடுத்ததோ, அதே வகை ஒலிநாடாதான் மற்ற நாள்களில் ஓட்டுநர்களைக் காப்பாற்றுகிறது.

பிறகு அறிக்கை. ஓட்டம் முடிந்த சிறிது நேரத்தில் ஒவ்வோர் ஓட்டுநரின் கருத்தும் மேற்கோள் குறிக்குள் நிருபர்களுக்கு வந்துவிடும். அதைப் படித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். எல்லா அணியிலும் எல்லா ஓட்டுநரும் ஒரே மாதிரி பேசுவார்கள். 'நிச்சயமாக' என்று ஆரம்பிப்பார்கள். கார் நன்றாக இருந்தது, அணி கடுமையாக உழைத்தது, நாளைக்குப் பார்ப்போம் என்று முடிப்பார்கள். கோபத்தில் தலைக்கவசத்தை வீசிய ஆளின் வாயிலும் அறிக்கையில் தேன்தான் ஒழுகும். தோட்டத்துக் கிராணி எழுதிய மனுக்களும் இப்படித்தான் இருந்தன. எந்தத் தொழிலாளி கொடுத்தாலும் 'தாழ்மையுடன்' என்றே தொடங்கும்.

அந்த அறிக்கை நம் ஊர்ப் பத்திரிகைக்கு வந்து சேரும் வழி இன்னும் நீளம். சிப்பாங்கில் பிற்பகலில் பந்தயம் ஓடியபோது ஐரோப்பாவில் காலை. லண்டன் நிருபருக்கு முழுப் பகலும் மிச்சம் இருந்தது. கோலாலம்பூர் நாளிதழோ இரவுக்குள் பக்கத்தை மூட வேண்டியிருந்தது. தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்துக்கு வெளிநாட்டு ஓட்டுநரின் சொல் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலம் வழியாகத்தான் வரும். ஓட்டுநர் ஜெர்மனில் திட்டியதை யாரோ ஆங்கிலத்துக்கு மாற்ற, அதைத் துணையாசிரியர் தமிழாக்க, திங்கட்கிழமை காலை ஈப்போ லாஹாட் சாலை ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு படிப்பவருக்குக் கிடைப்பது மூன்றாம் கை வார்த்தை. இந்த மூன்றாம் கை விஷயம் பின்னால் மறுபடி வரும்.

முதல் பந்தயத்திலேயே சிப்பாங் ஒரு பாடம் நடத்தியது. 1999 அக்டோபர் 17-இல் ஃபெராரி அணியின் எடி அர்வைன் வென்றார். கால் முறிவிலிருந்து மீண்டுவந்த மைக்கேல் ஷூமாக்கர் இரண்டாவது. கொண்டாட்டம் அடங்கும் முன்னரே இரண்டு கார்களும் தகுதி இழந்ததாக அறிவிப்பு வந்தது. காரின் பக்கவாட்டில் காற்றைத் திருப்பிவிடும் தகடு அளவில் சுமார் 10 மில்லிமீட்டர் பிசகியிருந்தது. அந்தக் கணக்கின்படி மெக்லாரனின் மிகா ஹாக்கினென் அன்றிரவே உலகச் சாம்பியன். ஃபெராரியின் தொழில்நுட்பத் தலைவர் ராஸ் பிரான் ஒளித்து மறைக்கவில்லை. பிசகு இருப்பதை நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆறு நாள் கழித்து பாரிஸில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சரியான முறையில் அளந்தால் பிசகு அனுமதித்த 5 மில்லிமீட்டருக்குள்தான் என்று ஃபெராரியின் முடிவைத் திருப்பிக் கொடுத்தது. ஹாக்கினென் சாம்பியன் என்று அச்சடித்த பத்திரிகைகள் திருத்தம் போட்டன. அவர் கடைசியில் ஜப்பானில் பட்டத்தை வென்றது வேறு கதை. சிப்பாங்கில் சொன்ன உண்மை பாரிஸில் வழக்காடும்போது சங்கடமாக நின்றிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். உடனே பேசுவதா, வக்கீல் வரும்வரை வாயை மூடுவதா என்ற கேள்விக்கு இந்தத் தொழிலில் இன்றுவரை ஒரு பதில் கிடையாது.

அன்று ஃபெராரியின் தலைமையில் நின்றவர் ஜான் டோட். 2009 முதல் 2021 வரை உலக மோட்டார் சம்மேளனத்தின் தலைவராகவே இருந்தவர். ஈப்போக்காரர்களுக்கு அவரை வேறு வகையில் தெரியும்: ஈப்போவில் பிறந்து ஆஸ்கர் வரை போன மிஷெல் இயோவின் கணவர். 2004-இல் சந்தித்த இருவரும் 2023-இல்தான் மணமுடித்தார்கள். ஊர் மாப்பிள்ளை என்ற உரிமையில் சொல்வதானால், நிருபர் முன்னால் முகம் மாறாமல் உட்காருவதில் அவர் கெட்டிக்காரர்.

மழையும் சிப்பாங்கில் ஒரு பேச்சாளர்தான். ஹேமில்டன் மன்னிப்புக் கேட்ட அதே வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு வசதியாக மாலை 5 மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு இங்கே வானம் என்ன செய்யும் என்று பேராக்கின் எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கொட்டியது. செங்கொடி காட்டப்பட்டு, 31 சுற்றுகளோடு கணக்கு முடிக்கப்பட்டு, வென்ற ஜென்சன் பட்டனுக்கும் மற்றவர்களுக்கும் பாதிப் புள்ளிகள் கிடைத்தன. மற்ற ஓட்டுநர்கள் தலைக்கவசத்தோடு காரில் காத்திருந்த நேரத்தில், ஃபெராரியின் கிமி ரைக்கோனென் அரைக்கால் சட்டைக்கு மாறி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கேமரா பிடித்துவிட்டது. ஃபெராரியின் ஊடக அலுவலகம் ஆண்டு முழுக்க எழுதிய அறிக்கைகளில் ஒரு வரியாவது இன்று யாருக்காவது நினைவிருக்குமா? அந்த ஐஸ்கிரீம் இருக்கிறது.

2013 மார்ச் 24-இல் நடந்தது இன்னும் சிக்கல். ரெட்புல் அணியின் மார்க் வெப்பர் முன்னால், செபாஸ்டியன் வெட்டல் பின்னால். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று அணி சங்கேத மொழியில் உத்தரவிட்டது: 'மல்ட்டி 21'. வெட்டல் கேட்கவில்லை, தாண்டிப்போய் வென்றார். மேடை ஏறும் முன் முதல் மூன்று ஓட்டுநர்களும் தண்ணீர் குடிக்கும் அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வெப்பர் அந்தச் சங்கேதச் சொல்லையே வெட்டலின் முகத்துக்கு நேராகத் திரும்பச் சொல்ல, அணியின் ரகசியம் உலகத்துக்கே உரிமையாகிவிட்டது. மேடைப் பேட்டியில், வெட்டல் தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டார், வழக்கம்போல் அவருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று வெப்பர் குத்தினார். வெட்டல் மன்னிப்புக் கேட்டார். சேதத்தை ஒருவாறு அடைத்தாகிவிட்டது என்று அவருடைய ஆள்கள் மூச்சு விட்டிருப்பார்கள். மூன்று வாரம் கழித்துச் சீனாவில், அதே சூழ்நிலை வந்தால் மறுபடியும் அதைத்தான் செய்வேன் என்று அவரே சொல்லி அடைத்ததைப் பிடுங்கிவிட்டார். எந்தக் கிராணியால் இதற்கு மருந்து எழுத முடியும்?

இப்படி வாய் தவறிய கதைகளையாவது பிறகு சிரித்துப் பேசலாம். பேசவே கூடாத நேரங்களும் இந்த வேலையில் உண்டு.

2011 அக்டோபர் 23, அதே சிப்பாங், மோட்டார் சைக்கிள் பந்தயம். இரண்டாவது சுற்றில் 24 வயது இத்தாலியர் மார்கோ சிமொன்செல்லி சறுக்கித் தடத்தின் குறுக்கே போக, பின்னால் வந்த இரண்டு வண்டிகள் மோதின. தலைக்கவசம் கழன்று உருண்டதை நேரடி ஒளிபரப்பில் உலகமே பார்த்தது. மாலை 4.56-க்கு உயிர் பிரிந்தது. மோதலுக்கும் அறிவிப்புக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் பந்தயம் மறுபடி தொடங்குமா என்று பார்வையாளர் மேடை கேட்டுக்கொண்டிருந்தது, நிருபர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சிமொன்செல்லியின் தந்தை பந்தயத்தடத்திலேயே இருந்தார். அந்த நேரத்தில் அணியின் ஊடகத் தொடர்பாளருக்கு ஒரே விதிதான். மருத்துவர் சொல்லும்வரை, குடும்பம் அறியும்வரை, எதுவும் தெரியாது என்ற முகத்தோடு நிற்க வேண்டும். தன் கண்ணும் சிவந்திருக்கும். ஓட்டுநர் அவருக்கு வெறும் விளம்பரப் பொருள் இல்லையே. வருடத்தில் பாதி நாள் ஒன்றாகப் பயணம் செய்து ஒன்றாகச் சாப்பிட்ட ஆள்.

அந்த விதி ஏன் இவ்வளவு இறுக்கமாயிற்று என்பதற்கு 1994 மே 1, இமோலாவைப் பார்க்க வேண்டும். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா சுவரில் மோதிய பிறகு, அவருடைய தம்பி லியோனார்டோவிடம் ஃபார்முலா ஒன்னின் தலைமை நிர்வாகி பெர்னி எக்லெஸ்டன் மரணச் செய்தியைச் சொல்லிவிட்டார். பிறகு, அது தவறு, 'ஹெட்' என்று சொன்னது 'டெட்' என்று காதில் விழுந்துவிட்டது என்று விளக்கம் தரப்பட்டது. தலையில் அடி என்பதற்கும் இறந்துவிட்டார் என்பதற்கும் நடுவே ஓர் ஒலி. அதிகாரபூர்வ அறிவிப்பு பொலோன்யா மருத்துவமனையிலிருந்து வந்தபோது விபத்து நடந்து நாலு மணி நேரம் கடந்திருந்தது. வில்லியம்ஸ் அணியின் ஊடகத் தொடர்பாளர் ஆன் பிராட்ஷாவுக்கு அன்றைய மாலை எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே பாரம்.

ஷூமாக்கரின் சபீன் கேம் இதில் வேறொரு வகை. அவரும் முன்னாள் விளையாட்டு நிருபர்தான். ஷூமாக்கரின் ஊடகத் தொடர்பாளராகச் சேர்ந்து பின்னாளில் மேலாளராகவும் ஆனார். 2013 டிசம்பர் 29-இல் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் தலையில் அடிபட்டதும், கிரெநோபிள் மருத்துவமனை வாசலில் கேமராக்களுக்கு முன்னால் நின்றவர் அவர். பாதிரியார் வேடம் போட்டு ஒரு நிருபர் உள்ளே நுழையப் பார்த்ததாக அவரே சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள், உலகத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநரின் உடல்நிலை பற்றி அந்தக் குடும்பம் விரும்பியதற்கு மேல் அதிகம் வெளிவரவில்லை. கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் நிருபராகிவிட்ட காலத்தில் இது எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

இவ்வளவும் பணம் படைத்த அணிகளின் கதை. கிராணி வைத்துக்கொள்ள முடியாத ஓட்டுநருக்கு என்ன ஆகும்?

பேராக்கின் தெற்கு முனையான தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலை இருக்கிறது. அந்த புரோட்டோன் பெயர் தாங்கிய 'பெர்ட்' காரில், 2002-ஆம் ஆண்டு, உற்பத்தி வகைக் கார்களுக்கான ராலி உலகப் பட்டத்தை வென்றவர் கரம்ஜித் சிங். பக்கத்தில் வழி சொன்னவர் ஆலன் ஓ. ஒரு சீக்கியரும் ஒரு சீனரும் மலேசியக் காரில் ஏறி உலகப் பட்டம் கொண்டுவந்தார்கள். இதைவிட நல்ல சுவரொட்டிப் படம் எந்த அமைச்சுக்குக் கிடைக்கும்? ஆனால் ராலியில் ஒரே தடமும் பார்வையாளர் மேடையும் செய்தியாளர் கூடமும் கிடையாது. மலேசிய ராலி ஓடியதே ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில்தான். புழுதி அடங்கும் முன் கார் அடுத்த காட்டுக்குள் போய்விடும். பார்த்தவர்கள் தோட்டத்து மக்களும் குரங்குகளும். ஒலிவாங்கியை நீட்ட ஆளும் இல்லை, நீட்டினால் ஓட்டுநரைக் கூட்டிவர ஆளும் இல்லை. ஃபார்முலா ஒன்னில் ஒரு பந்தயம்கூட வெல்லாதவர்களின் பெயரைச் சட்டென்று சொல்லும் நம் ஆள்கள், கரம்ஜித் எந்த ஆண்டு உலகப் பட்டம் வென்றார் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஓட்டியதில் குறையில்லை. அதை எடுத்துச் சொல்லும் வேலைதான் சரியாக நடக்கவில்லை.

தோட்டத்துச் சாலை என்றதும் இன்னொன்று. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பரவிய பாலில்தான் நம் பாட்டன்மார் கை ஊறியது. மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் வைத்திருந்த டன்லப்பின் டயர்களில் ஓடித்தான் கிரஹாம் ஹில்லும் ஜிம் கிளார்க்கும் 1960களின் முதல் பாதியில் உலகப் பட்டம் வென்றார்கள். எந்தப் பந்தய அறிக்கையிலும் பால்வெட்டியவர் பெயர் வந்ததில்லை என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

கிராணியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஏர்ஏசியா விமான நிறுவனத்தை நடத்திய டோனி பெர்னாண்டஸ். 2010-இல் லோட்டஸ் என்ற பெயரில் மலேசிய அணியோடு ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த அவர், அறிக்கைக்குக் காத்திருக்காமல் தானே டுவிட்டரில் பேசினார். அதே ஆண்டு புதிதாக வந்த வர்ஜின் அணியின் ரிச்சர்ட் பிரான்சனோடு ஒரு பந்தயம் கட்டினார்: யாருடைய அணி பின்தங்குகிறதோ அவர் மற்றவருடைய விமானத்தில் பணிப்பெண் உடையில் சேவை செய்ய வேண்டும். லோட்டஸ் பத்தாவது, வர்ஜின் பன்னிரண்டாவது. 2013 மே 12-இல் பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஏர்ஏசியா எக்ஸ் விமானத்தில் பிரான்சன் காலை மழித்து, சிவப்புப் பாவாடை கட்டி, உதட்டுச்சாயம் பூசி, பெர்னாண்டஸ் மேலேயே பானத் தட்டைக் கவிழ்த்தார். இரண்டு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்காத ஆண்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செய்தி இதுதான்.

இப்போது அந்த மூன்றாம் கை வார்த்தை.

2012 மார்ச் 25, சிப்பாங். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஸ்பெயினின் எச்.ஆர்.டி. அணியில் இருந்தார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் அவர். அதே ஆண்டு இதே சிப்பாங்கில் ஜோர்டான் காரில் 11-ஆவதாக வந்தவர். எச்.ஆர்.டி.யோ பரம ஏழை அணி. ஒரு வாரத்துக்கு முன் மெல்பர்னில் அதன் இரண்டு கார்களும் போதிய வேகம் இல்லாமல் பந்தயத்தில் கலந்துகொள்ளவே தகுதி பெறவில்லை. சிப்பாங்கில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பெரும்பாலான கார்கள் இடைநிலை டயர்களோடு கிளம்ப, எச்.ஆர்.டி. கனமழைக்கான டயர்களை மாட்டியது. சூதாட்டம்தான். ஆனால் சில சுற்றுகளில் வானம் பிளந்தது; மற்றவர்கள் டயர் மாற்ற ஓட, கார்த்திகேயன் தடத்திலேயே நின்று வரிசையாக மேலே வந்தார். 9-ஆவது சுற்றில் செங்கொடி காட்டப்பட்டபோது அவர் இடம் பத்து. அந்த அணிக்கு அது தீபாவளி. ஊடகத் தொடர்பாளர் என்று அங்கே யார் இருந்தாலும் அறிக்கையின் முதல் வரியை மனத்துக்குள் எழுதியிருப்பார்.

பந்தயம் மறுபடி தொடங்கியது. முதலில் ஜென்சன் பட்டன் கார்த்திகேயனோடு உரசித் தன் முன்சிறகை உடைத்துக்கொண்டார். தவறு தன்னுடையதுதான் என்று பிறகு ஒப்புக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. முடிவதற்குச் சில சுற்றுகள் இருக்கும்போது, நாலாம் இடத்தில் இருந்த நடப்புச் சாம்பியன் வெட்டல் அவரைச் சுற்றுக் கணக்கில் தாண்டும்போது இருவர் சக்கரமும் உரசியது. வெட்டலின் டயர் கிழிந்தது. 11-ஆம் இடம், புள்ளி இல்லை. இறங்கிய சூட்டோடு ஜெர்மன் தொலைக்காட்சியிடம், சாலையில் திரிவதைப் போலவே தடத்திலும் சில வெள்ளரிக்காய்கள் திரிகின்றன என்ற பொருளில் கொட்டினார். ஜெர்மன் பேச்சுவழக்கில் 'வெள்ளரிக்காய்' என்றால் வண்டி ஓட்டத் தெரியாத ஆள். அந்தச் சொல் கிளம்பும்போது ரெட்புல் அணியின் எத்தனை ஒலிப்பதிவுக் கருவிகள் அவர் தோளுக்கு மேல் நீண்டிருந்தாலும் பயனில்லை. கருவி பிடித்துவைக்கும், தடுக்காது.

ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல் பாதி வேடிக்கையானது. தமிழுக்கு வந்தபோது முழுப் புதிர். நாசி லெமாக் பொட்டலத்தில் ஓரமாகக் கிடக்கும் இரண்டு துண்டைச் சொல்லி ஓர் உலகச் சாம்பியன் ஏன் ஒருவரைத் திட்ட வேண்டும்? ஆனால் மலாய் தெரிந்த எந்த மலேசியருக்கும் வெள்ளரிக்காய் என்றதும் அடுத்த சொல் தானாக வரும்: டுரியான். டுரியான் உருண்டு வெள்ளரியின் மேல் விழுந்தாலும், வெள்ளரி உருண்டு டுரியானில் மோதினாலும், காயம் வெள்ளரிக்குத்தான். நம் ஊரில் முள்ளையும் சேலையையும் வைத்துச் சொல்வதேதான். வெட்டலுக்கு மலாய் தெரிந்திருக்க நியாயமில்லை. நிலைமையை அவர் வாய் அறியாமலேயே சரியாகச் சொல்லிவிட்டது. நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 வினாடி தண்டனை விதித்தார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. ஓட்டம் சரியில்லாத கோபத்தை அடுத்தவர் மேல் காட்டுவது சாம்பியனுக்கு அழகில்லை என்று இந்தியப் பத்திரிகைகளிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் இரண்டு கண்டங்களில் இதே பேச்சு.

அன்றைக்கு வென்றவர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. சாபர் அணியின் செர்ஜியோ பெரெஸ் அவரை விரட்டி இரண்டாவதாக வந்தார். சாபரின் வானொலியில் இந்த இடம் நமக்கு வேண்டும், கவனம் என்று கேட்ட ஒரு வாக்கியத்தை வைத்து, எஞ்சின் தரும் ஃபெராரிக்காக விட்டுக்கொடுத்தார்களோ என்று நிருபர்கள் துருவ, சாபர் தரப்பு மறுத்து மறுத்துக் களைத்தது. எல்லா அணியின் தொடர்பாளர்களுக்கும் அன்று கை நிறைய வேலை. ஏழை அணியின் பத்தாம் இடத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடம் மிஞ்சவில்லை.

முடிவுப் பட்டியலில் கார்த்திகேயன் 22-ஆவது. அதற்குப் பக்கத்தில் சம்மேளனம் வெளியிடும் இன்னொரு தாள் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு காரும் எந்த இடத்தில் இருந்தது என்ற அட்டவணை. யாருடைய வாயும் படாத தாள் அது. கட்டம் கட்டமாக எண்கள் மட்டும். அதில் 9-ஆவது சுற்றுக்கான கட்டத்தில், மேலிருந்து பத்தாவதாக, 23 என்ற எண் இருக்கிறது.